77 கெல்வினில் 1.4 மைக்ரோவோல்ட் மிச்சம் நிற்கிறது: என் பெல்லட் மீக்கடத்தியா, இல்லையா?

பாலாறு_பெல்லட் | மே 12, இரவு 9:40

வேலூரில் எம்.எஸ்சி. புராஜெக்ட். பொருள் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு, குளிர்வித்தால் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக மாற வேண்டியது; உலோகங்கள் 1:2:3 விகிதம் என்பதால் 123 என்றே எழுதுகிறேன். பெல்லட்டிலிருந்து (பொடியை அழுத்திச் சுட்ட வில்லை) அறுத்த பட்டை 12 × 3 × 2 மி.மீ. நான்கு முனை அளவீடு (கரன்ட்டுக்கு இரண்டு, வோல்டேஜுக்கு வேறு இரண்டு), சில்வர் பேஸ்ட் ஜாயின்ட், வோல்டேஜ் முனைகளுக்கு நடுவே 4 மி.மீ. கரன்ட் 10 மில்லிஆம்பியர், ஒரே திசையில். மீட்டரின் கடைசி இலக்கம் 0.1 மைக்ரோவோல்ட்.

300 கெல்வினில் 9.1 மில்லிஓம்
100 கெல்வினில் 4.6 மில்லிஓம் (நடுவில் நேர்கோடு)
91 கெல்வினில் சரிவு தொடங்குகிறது
85 கெல்வினில் 0.6 மில்லிஓம்
77 கெல்வினில் 0.14 மில்லிஓம், அதாவது 1.4 மைக்ரோவோல்ட்

திரவ நைட்ரஜனை வைத்துக்கொண்டு இதற்குக் கீழே போக வழியில்லை. மின்தடை சுழியமாகவில்லை, அப்படியானால் இதை மீக்கடத்தி என்று எழுதலாமா? கரன்ட்டைக் குறைத்துப் பார்க்க வேண்டுமா? வைவாவில், அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று பரபரப்பான எல்கே-99 பற்றிக் கட்டாயம் கேட்பார்கள் போலிருக்கிறது, அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாலாஜா_வோல்ட் | மே 12, இரவு 10:05

ஒரே திசையில் எடுத்த அளவை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள் தம்பி. கரன்ட்டைத் திருப்பி விட்டு ஒருமுறை பாருங்கள். அந்த 1.4 மைக்ரோவோல்ட் உங்கள் பட்டையுடையதே இல்லை என்பது என் கணிப்பு.

ஒயரின் ஒரு முனை 77 கெல்வினில், மறுமுனை மே மாத வேலூரில். ரூம் 41 டிகிரி என்றால் 314 கெல்வின், வித்தியாசம் 237. இரண்டு வோல்டேஜ் ஒயர்களும் ஒரே சுருளிலிருந்து வரவில்லை, அல்லது ஒன்றில் மட்டும் நடுவே சால்டர் ஜாயின்ட் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் கெல்வினுக்கு 0.01 மைக்ரோவோல்ட் வேறுபாடு இருந்தாலே மீட்டரில் 2.4 மைக்ரோவோல்ட் நிற்கும். இந்த வெப்ப மின்னியக்கு விசை கரன்ட்டைப் பார்த்து வருவதில்லை, அதனால் கரன்ட் திரும்பினாலும் அதன் குறி மாறாது. பட்டையின் மின்தடையால் வரும் வோல்டேஜ் மாறும். பிளஸ் அளவிலிருந்து மைனஸ் அளவைக் கழித்து இரண்டால் வகுத்தால் மின்தடை மட்டும் மிஞ்சும்.

திருப்பியவுடன் எழுதிவிடக் கூடாது, 5 நொடி காத்திருங்கள். பத்து ஜோடி எடுத்துச் சராசரி போடுங்கள். ஒயர் பட்டையிலிருந்து மீட்டர் டெர்மினல் வரை வெட்டுப்படாத ஒரே செம்பாக இருக்கட்டும், இரண்டையும் முறுக்கி விடுங்கள், டெர்மினல் மேல் பஞ்சு சுற்றுங்கள். சீலிங் ஃபேன் காற்று அங்கே பட்டால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஏலகிரி_காற்று | மே 12, இரவு 10:31

எனக்கென்னவோ 10 மில்லிஆம்பியர் அதிகம் என்று படுகிறது. குருணைகளுக்கு (பெல்லட்டின் நுண்படிகங்களுக்கு) இடையே உள்ள பலவீன இணைப்புகள் அறுந்து, மின்தடைச் சரிவின் வால் நீளும். 1 மில்லிஆம்பியருக்கு இறங்குங்கள்.

காட்பாடி_கெல்வின் | மே 12, இரவு 11:02

கணக்குப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள் ஏலகிரி. குறுக்குவெட்டு 3 × 2 மி.மீ., அதாவது 0.06 சதுர செ.மீ. 10 மில்லிஆம்பியருக்கு அடர்த்தி சதுர செ.மீ.க்கு 0.17 ஆம்பியர். சுமாராகச் சுட்ட 123 பெல்லட்கூட 77 கெல்வினில், காந்தப்புலம் இல்லாதபோது, 100 ஆம்பியர் தாங்கும். அறுநூறில் ஒரு பங்கு கரன்ட்டுக்கு இணைப்பு அறுகிறது என்றால் அதைப் பெல்லட் என்றே சொல்லக் கூடாது.

1 மில்லிஆம்பியருக்கு இறங்கினால் வேறு நஷ்டம். மீட்டரின் 0.1 மைக்ரோவோல்ட் என்பது 100 மைக்ரோஓம் ஆகிவிடும், பார்க்க வேண்டியதே தெரியாமல் போகும். 10-லேயே இருங்கள். கரன்ட்டை மாற்றிச் சரிபார்க்க வேண்டுமானால் மேலே, 30-க்குப் போகலாம். 100-க்குப் போகும் முன் கரன்ட் ஜாயின்ட்டின் தடையைப் பாருங்கள்: 5 ஓம் இருந்தால் 10 மில்லிஆம்பியரில் சூடு அரை மில்லிவாட், 100-ல் 50 மில்லிவாட். இரண்டாவது அளவில் பட்டை 77-ல் இருக்காது, பிளாட்டினம் சென்சார் மட்டும் 77 என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

சென்சார் என்றதும் இன்னொன்று. தடையை வைத்து வெப்பநிலை சொல்லும் பிடி-100 தானே? திரவ நைட்ரஜனில் முக்கினால் சுமார் 20.3 ஓம் வர வேண்டும். இரண்டு ஒயரில் எடுத்திருந்தால் ஒயர் தடை 1 ஓம்கூட 2.3 கெல்வினைத் தூக்கிக் காட்டும். உங்கள் 91 நிஜமாகவே 91-ஆ என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். குளிர்விக்கும்போதும் சூடேற்றும்போதும் வளைகோடு எடுத்து, இரண்டும் 0.5 கெல்வினுக்கு மேல் விலகினால் வேகத்தைக் குறையுங்கள்.

ஆற்காடு_அகேட் | மே 13, காலை 6:50

சுட்ட விவரம் ஒன்றுமே எழுதவில்லையே. எந்த வெப்பநிலை, எத்தனை மணி நேரம், ஆக்சிஜன் உண்டா? 91-ல் தொடங்கி 80 வரை இழுப்பது அளவீட்டுக் குறை மட்டும் இல்லை.

பாலாறு_பெல்லட் | மே 13, மாலை 7:15

கரன்ட் திருப்பிப் பார்த்தேன். 77-ல் பிளஸ் திசையில் +1.41, மைனஸ் திசையில் +1.29 மைக்ரோவோல்ட். குறி மாறவே இல்லை! கழித்து வகுத்தால் 0.06 மைக்ரோவோல்ட், அதாவது 6 மைக்ரோஓம். வாலாஜா சார் சொன்னதுதான்.

பிடி-100 இரண்டு ஒயரில்தான் இருந்தது. நான்காக மாற்றியதும் 20.3 வருகிறது; சரிவின் தொடக்கம் 90-க்கு வந்துவிட்டது.

சுட்டது: 10 கிராமுக்கு இட்ரியம் ஆக்சைடு 1.695, பேரியம் கார்பனேட் 5.924, காப்பர் ஆக்சைடு 3.582 கிராம். 920 டிகிரியில் 18 மணி நேரம், ஒருமுறை. மீண்டும் அரைத்து 13 மி.மீ. டையில் 5 டன். 940 டிகிரியில் 20 மணி நேரம், அலுமினா க்ரூசிபிளில். பிறகு ஃபர்னஸை அணைத்துத் தானாக ஆறவிட்டோம். ஆக்சிஜன் சிலிண்டர் கிடைக்கவில்லை, காற்றுதான். பெல்லட் அடியில் லேசாகப் பச்சை.

இப்போது "சுழியம்" என்று எழுதிக்கொள்ளலாம் அல்லவா?

கோட்டை_அகழி | மே 13, இரவு 8:02

எழுதக் கூடாது. உங்கள் மீட்டர் 0.1 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே குருடு, ஆகவே 10 மைக்ரோஓம் வரைதான் பேச்சு. 0.06 சதுர செ.மீ.யால் பெருக்கி 0.4 செ.மீ.யால் வகுங்கள்: தன்மின்தடை 1.5 மைக்ரோஓம்-செ.மீ.க்குக் குறைவு. சாதாரணச் செம்புக்கு அறை வெப்பநிலையில் 1.7. உங்கள் பெல்லட் செம்புக் கம்பிக்கு இளைத்ததில்லை, இவ்வளவுதான் நீங்கள் நிரூபித்தது. 77 கெல்வினில் செம்பு 0.2-க்கு இறங்கிவிடும், அதோடு போட்டி போட உங்கள் மீட்டரால் ஆகாது.

எங்கள் ஊரில் பாலாறு என்று பெயர், தண்ணீர் கிடையாது. கோட்டை இருக்கிறது, ராஜா கிடையாது. மெய்ஸ்னர் விளைவைக் (காந்தப்புலத்தைத் தன்னுள்ளிருந்து வெளியே தள்ளுவதை) காட்டாத மீக்கடத்தியையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியதுதான்.

ஆற்காடு_அகேட் | மே 13, இரவு 9:20

எடைக் கணக்கு சரி. ஆனால் இட்ரியம் ஆக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்து வைத்திருக்கும். 900 டிகிரியில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் எடை போட்டால்தான் 1.695 என்பது 1.695. பேரியம் கார்பனேட்டை 150 டிகிரியில் உலர்த்தினால் போதும். அது விஷம், எலி மருந்துக்கே பயன்பட்ட சரக்கு, அரைக்கும்போது மாஸ்க் இல்லாமல் உட்காராதீர்கள்.

பச்சை என்றால் 211 கட்டம், அதாவது அதே உலோகங்கள் 2:1:1 விகிதத்தில் சேர்ந்த, மீக்கடத்தாத சேர்மம். கார்பனேட் முழுதாகச் சிதையாமல் நின்றாலோ, அலுமினாவை பேரியமும் காப்பரும் அரித்தாலோ விகிதம் கெட்டு அது ஒதுங்கும். அடியில் மட்டும் இருப்பதால் என் சந்தேகம் க்ரூசிபிள் மேல்தான். பெல்லட்டை நேராக அலுமினாவில் வைக்காமல் அதே 123 பொடியைப் பரப்பி அதன்மேல் வையுங்கள். முதல் சூட்டை ஒருமுறையோடு நிறுத்தாமல், நடுவில் அரைத்து இரண்டு மூன்று தடவை கொடுங்கள். 1010 டிகிரிக்குப் பக்கத்தில் 123 உருகிச் சிதைந்து 211-ஐயே கொடுக்கும். பழைய ஃபர்னஸின் கன்ட்ரோலர் 940 காட்டும்போது உள்ளே எவ்வளவு என்று தனித் தெர்மோகப்பிள் வைத்துப் பாருங்கள்.

முக்கியமான தவறு ஆறவிட்ட விதம். 940-ல் இந்தப் பொருள் ஆக்சிஜனை இழந்து டெட்ராகனல் என்ற மீக்கடத்தாத படிக அமைப்பில் இருக்கும். கீழே இறங்கும் வழியில்தான் ஆக்சிஜன் உள்ளே போய்ச் சங்கிலிகளில் வரிசையாக அமர்ந்து, ஆர்த்தோராம்பிக் என்ற மீக்கடத்தும் அமைப்பாக மாறும். அதற்கு நேரம் கொடுக்கவில்லை என்றால் குருணையின் தோல் மட்டும் நிறையும், நடு காலியாக இருக்கும். ஆக்சிஜன் எண் (வாய்பாட்டில் ஆக்சிஜன் அணுக்களின் அளவு) 6.93 பக்கம் இருந்தால் 93 கெல்வின், 6.6 பக்கம் 60 கெல்வின், 6.4-க்குக் கீழே மீக்கடத்தலே இல்லை. ஒரே பெல்லட்டில் இவை கலந்திருந்தால் உங்கள் 90-லிருந்து 80 வரையிலான வால் வந்துவிடும்.

செய்ய வேண்டியது: 940-லிருந்து நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 450 வரை, அங்கே ஓடும் ஆக்சிஜனில் 20 மணி நேரம், பிறகு மெதுவாக அறை வெப்பநிலைக்கு. நடுவில் மின்வெட்டு வந்தால் பயப்பட வேண்டாம். சுட்டு முடிந்த பெல்லட்டைத் திரும்ப 600-க்கு ஏற்றி ஆக்சிஜன் கட்டத்தை மட்டும் மறுபடி நடத்தலாம். எக்ஸ்ரே விளிம்பு விலகல் எடுத்தால், செம்பு இலக்கு உள்ள எக்ஸ்ரே குழாயில் 32.5, 32.8 டிகிரி இரண்டு உச்சிகளைப் பாருங்கள்: வலப்பக்கம் உயரமாக இருந்தால் ஆர்த்தோராம்பிக், இடப்பக்கம் உயரமாக இருந்தால் ஆக்சிஜன் போதவில்லை.

சேர்க்காடு_சிக்னல் | மே 13, இரவு 10:44

எல்லோரும் 91-க்குக் கீழேயே பார்க்கிறீர்கள். அதற்கு மேலே 300 வரை மின்தடை நேர்கோடு, அங்கேதான் விஷயமே இருக்கிறது. இதுதான் "விசித்திர உலோகம்". சாதாரண ஃபெர்மி திரவத்தில் (வழக்கமான உலோகக் கோட்பாட்டில்) எலக்ட்ரான்-எலக்ட்ரான் மோதல் வெப்பநிலையின் வர்க்கத்தில் போக வேண்டும். இங்கே முதல் படியில் போகிறது. இரண்டு மோதலுக்கு நடுவே உள்ள நேரம் பிளாங்க் எல்லையை (குவாண்டம் விதிகள் அனுமதிப்பதாகக் கருதும் மிகக் குறுகிய நேரத்தை) ஒட்டி நிற்கிறது, 300 கெல்வினில் சுமார் 25 ஃபெம்டோ நொடி. ஃபோனானை (படிக அணுக்களின் அதிர்வை) வைத்து இதை விளக்க முடியாது. புராஜெக்டில் ஒரு அத்தியாயமே எழுதலாம்.

காட்பாடி_கெல்வின் | மே 13, இரவு 11:30

எழுதினால் வைவாவில் பையன் மாட்டிக்கொள்வான் சேர்க்காடு சார். 100-லிருந்து 300 வரை நேர்கோடு செம்புக்கும்தான் கிட்டத்தட்ட வரும். டிபை வெப்பநிலையின் (படிக அதிர்வுகள் எல்லாம் விழித்துக்கொள்ளும் வெப்பநிலையின்) ஐந்தில் ஒரு பங்குக்கு மேலே ஃபோனான் சிதறலே நேர்கோட்டைக் கொடுத்துவிடும். ஃபோனானால் முடியாது என்று சொல்ல இந்த வீச்சு போதாது. அதற்கான ஆதாரம் வேறு பொருள்களில் இருக்கிறது: 1990-ல் பிஸ்மத் 2201 என்ற இன்னொரு குப்ரேட் (காப்பர் ஆக்சைடு மீக்கடத்தி) படிகத்தில் சுமார் 10 கெல்வினிலிருந்து 700 வரை ஒரே கோடு கண்டார்கள். அங்கே மாறுநிலை வெப்பநிலை (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை) மிகக் குறைவு, அதனால் கோடு ஃபோனான் உறைந்துபோகும் இடத்தையும் தாண்டிக் கீழே போகிறது. லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் குப்ரேட்டில் மேல்பக்கம் 1000 கெல்வின் வரை, எலக்ட்ரானின் மோதலிடைத் தூரம் அணு இடைவெளிக்கும் குறைந்த பிறகும் கோடு மடங்கவில்லை. வாதம் அங்கிருந்து வருகிறது, இந்தப் பட்டையிலிருந்து இல்லை.

இந்தப் பட்டையின் கோடு சொல்வது வேறு. கோட்டின் சாய்வு கெல்வினுக்கு 0.0225 மில்லிஓம். சுழியக் கெல்வினுக்கு நீட்டினால் 2.35 மில்லிஓமில் வெட்டுகிறது. நல்ல 123-ல் கோடு ஆதிப்புள்ளிக்குப் பக்கத்தில் போகும், 300-க்கும் 100-க்கும் விகிதம் 3-ஐ நெருங்கும். இங்கே விகிதம் 1.98 தான். மிச்சம் 2.35 முழுதும் குருணை எல்லை, ஓட்டை, விரிசல், பச்சைச் சரக்கு. ஆற்காடு மேடம் சொன்னதற்கு இதுவே சாட்சி.

சேர்க்காடு_சிக்னல் | மே 14, காலை 7:05

ஒப்புக்கொள்கிறேன், பெல்லட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஃபோனான் பக்கம் சாய்வதற்கும் இடமில்லை. ஆக்சிஜன் 16-ஐ 18-ஆக மாற்றினால், ஃபோனானே எலக்ட்ரான்களை ஜோடி சேர்க்கிறது என்னும் பிசிஎஸ் கோட்பாடு சொல்லும் அரைப்படி விதிப்படி, 93 கெல்வினில் சுமார் 5.3 கெல்வின் குறைய வேண்டும். 123-ல் அளந்தது அரை கெல்வினுக்கும் கீழே. 1987-லேயே இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் சொன்னார்: மாட் மின்காப்பியிலேயே (எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கி நகர முடியாத பொருளிலேயே) அவை எதிரெதிர் ஸ்பின் கொண்ட சிங்கிளட் ஜோடிகளாகிவிட்டன, ஆனால் நகர முடியாமல் நிற்கின்றன, துளைகளைப் (எலக்ட்ரான் இல்லாத இடங்களை) புகுத்தியதும் அதே ஜோடிகள் ஓடத் தொடங்குகின்றன. அதற்கு சராசரிப் புலக் கணக்குப் போட்டுக் கொடுத்ததில் பெரும்பங்கு தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் இருந்த ஜி. பாஸ்கரனுடையது, பாஸ்கரன், ஸோ, ஆண்டர்சன் கட்டுரை அதே ஆண்டு வந்தது.

காட்பாடி_கெல்வின் | மே 14, காலை 8:20

ஐசோடோப் விளைவு சிறியது என்பது உகந்த துளை அளவில் மட்டும். துளை குறையக் குறைய அது வளர்கிறது. ஜோடிக்குக் காரணம் ஃபோனான் இல்லை என்றால் அது ஏன் வளர வேண்டும்? மறுபக்கம், எலக்ட்ரான்களின் தாவலையும் விலக்கலையும் மட்டும் கணக்கில் எடுக்கும் ஹப்பர்டு மாதிரியில் ஃபோனான் இல்லாமலே எல்லாம் வந்துவிடும் என்றார்கள். அண்டை அணுவுக்கு மட்டும் தாவும் தூய மாதிரியில் மீக்கடத்தல் இல்லை, கோடுகோடான ஒழுங்கே ஜெயிக்கிறது என்று 2020-ல் கணக்கு வந்தது. மூலைவிட்டத் தாவலைச் சேர்த்ததும் மீக்கடத்தல் வருகிறது என்று 2024-ல் வந்தது. இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு விடையே புரளுகிறதென்றால் எந்தப் பக்கமும் கை தூக்க எனக்கு மனமில்லை.

யார் கட்சியானாலும் ஒப்புக்கொள்வது ஒன்று உண்டு: 1987-லேயே 123 வளையத்தில் காந்தப் பாயத்தின் துணுக்கு (குவாண்டம்) எலக்ட்ரானின் இரட்டை மின்னூட்டத்துக்கு உரியது என்று அளந்துவிட்டார்கள். ஜோடி இருக்கிறது. எது ஒட்டவைக்கிறது என்பதில்தான் சண்டை.

ஏலகிரி_காற்று | மே 14, காலை 9:10

தம்பி கேட்ட எல்கே-99 விஷயம் அப்படியே நிற்கிறதே.

கோட்டை_அகழி | மே 14, மதியம் 1:15

2023 ஜூலையில் சியோல் குழு காப்பர் கலந்த ஈய பாஸ்பேட் அபடைட்டை அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று வெளியிட்டது. சுமார் 104 டிகிரி செல்சியஸில் மின்தடை திடீரென விழுந்தது. செய்முறையிலேயே தாமிர சல்பைடு பக்கப்பொருளாக வரும், அந்த சல்பைடுக்கு அதே 104 டிகிரியில் படிக அமைப்பு மாறும், மின்தடை பல ஆயிரம் மடங்கு விழும். பெய்ஜிங் இயற்பியல் நிறுவனம் சல்பைடைத் தனியாக அளந்து அதைக் காட்டியது. ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் சல்பைடு இல்லாத தூய படிகம் வளர்த்தது: ஊதா நிறம், ஒளி புகும், மின்காப்பி. தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் செய்து பார்த்து மீக்கடத்தல் இல்லை என்றது.

ஒரு முனை தரையைத் தொட்டபடி மறுமுனை தூக்கி நின்ற வீடியோவை உலகமே பார்த்தது. தூளில் கொஞ்சம் இரும்புக்காந்தக் குணம் இருந்தாலே அப்படி நிற்கும். இடையில் ஒரு குழு 110 கெல்வினில் சுழியத் தடை என்றது. அது நேற்று இங்கே நடந்த அதே விஷயம்தான், கருவியின் அடிமட்டத்தைச் சுழியம் என்று படித்தது.

வைவாவுக்கு ஒரு குறிப்பு. சல்பைடு மாற்றம் முதல்படி வகை, ஏறும்போதும் இறங்கும்போதும் வெவ்வேறு இடத்தில் நடக்கும். புலம் இல்லாத மீக்கடத்தி மாற்றத்துக்கு அந்த இடைவெளி இல்லை, புலம் கொடுத்தால் கீழே நகரும். உங்கள் ஏற்ற இறக்க வளைகோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் அதையும் படமாகப் போடுங்கள்.

பாலாறு_பெல்லட் | மே 14, மாலை 6:48

சரி, மெய்ஸ்னரை எப்படிக் காட்டுவது? பெல்லட் மேல் சிறு நியோடிமியம் காந்தம் மிதக்கிறது, அதன் படம் இருக்கிறது. மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் அளக்கும் ஸ்க்விட் மேக்னடோமீட்டருக்கு வெளியே அனுப்பப் பணமில்லை.

வாலாஜா_வோல்ட் | மே 14, இரவு 8:30

மிதப்பது நல்ல அறிகுறி. கிராஃபைட்டும் மிதக்கும் என்று யாராவது மடக்கினால், அதன் காந்த ஏற்புத்திறன் மைனஸ் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, மீக்கடத்திக்கு மைனஸ் ஒன்று; பல மி.மீ. உயரத்தில் ஒற்றைக் காந்தம் நிற்பது கிராஃபைட்டால் ஆகாது என்று சொல்லுங்கள். ஆனாலும் காந்தத்தை வைத்தது குளிர்வித்த பிறகா முன்பா என்பதை எழுத வேண்டும். பிறகு வைத்தால் தெரிவது மறைப்பு (வெளியிலிருந்து வரும் புலத்தை உள்ளே விடாமல் தடுப்பது) மட்டும். தடையில்லாத வெறும் கடத்தியும் அதைச் செய்யும். முன்பே வைத்துக் குளிர்விக்கும்போது காந்தம் தானாக எழுந்தால் அது மெய்ஸ்னர். 123-ல் பாயம் குருணைக்குள் சிக்கிக்கொள்வதால் அந்த எழுச்சி சிறிதாகத்தான் இருக்கும், சில சமயம் இருக்காது. மறைப்பு நூறு சதவீதம் என்பதும் பெல்லட் முழுதும் மீக்கடத்தி என்பதும் ஒன்றில்லை, வெளித்தோல் மட்டும் நன்றாக இருந்தாலே நூறு காட்டும்.

காட்பாடி_கெல்வின் | மே 14, இரவு 9:55

தடைக்கு ஸ்க்விட் வேண்டாம், வளையம் போதும். 13 மி.மீ. பெல்லட்டில் நடு ஓட்டை போட்டால் தன்தூண்டல் சுமார் 7 நானோஹென்றி. தடை 10 மைக்ரோஓம் இருந்தால், காந்தத்தை எடுத்ததும் வளையத்தில் தூண்டப்படும் கரன்ட் 0.7 மில்லி நொடியில் செத்துவிடும். 10 நிமிடம் நின்றால் தடை 12 பிக்கோஓமுக்குக் கீழே. உங்கள் மீட்டரைவிட 8 லட்சம் மடங்கு நுட்பம், செலவு காந்தப்புலம் அளக்கும் ஒரு ஹால் சென்சார்.

காந்தத்தை ஓட்டைக்கு மேலே வைத்துக் குளிர்வியுங்கள், காந்தத்தை எடுங்கள், ஹால் சென்சாரை தெர்மோகோல் மூடியின் வெளிப்பக்கம் வைத்து அளவிடுங்கள். சென்சாரை நைட்ரஜனில் முக்காதீர்கள், குளிரில் அதன் அளவுத்திருத்தமே மாறிவிடும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் அளவு மெல்ல இறங்கும், அது பாயம் நழுவுவது. நேரத்தின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். ஓம் தடையாக இருந்தால் அடுக்குக்குறியாக விழும். அடுத்து அதே வளையத்தை ஓரிடத்தில் அறுத்துத் திரும்ப அளவிடுங்கள். மிஞ்சுவது குருணைக்குள் சிக்கிய பாயம், குறைந்தது வளையத்தைச் சுற்றிய கரன்ட். அறுக்காமல் விட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது.

பாலாறு_பெல்லட் | மே 14, இரவு 10:20

நைட்ரஜன் கால்நடைத் துறை சினை ஊசிக்கு வைத்திருக்கும் கேனிலிருந்து 3 லிட்டர் கேட்டிருக்கிறோம். ஃபிளாஸ்கில் கொண்டு வரலாமா? ஓட்டையைத் தண்ணீர் விட்டுத் துளைக்கலாமா?

ஆற்காடு_அகேட் | மே 14, இரவு 10:41

ஃபிளாஸ்க் மூடியை இறுக்கினால் வெடிக்கும். பஞ்சு அடைத்து நிமிர்த்தி வையுங்கள், ஏசி காரில் கண்ணாடியை இறக்கி விடுங்கள். 1 லிட்டர் திரவம் 700 லிட்டர் வாயுவாகும்.

தண்ணீர் கூடவே கூடாது. 123 தண்ணீரோடு சேர்ந்து பேரியம் ஹைட்ராக்சைடாகும், அது காற்றில் திரும்பக் கார்பனேட்டாகும். அறுத்த பட்டையைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். சுட்ட பெல்லட்டைத் துளைத்தால் விரிசல் விடும். டையிலிருந்து எடுத்ததும், சின்டர் செய்வதற்கு முன்பே, 3 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் திருகி இரு பக்கமிருந்தும் பாதிப் பாதியாகத் துளையுங்கள். பிறகு அறுக்க வேண்டியதற்கு மெல்லிய வைரத் தகடு, ஐசோபுரப்பைல் ஆல்கஹால் சொட்டுச் சொட்டாக.